குடமும் பொறியும்

உத்தரமேரூர்க் கல்வெட்டின் பெயரைச் சொல்லாத தமிழ் மேடை அரிது. மக்களாட்சியை உலகுக்குக் கற்பித்தவன் தமிழனே என்று முழங்குவார் முழங்குவர், கேட்பார் கைதட்டுவர், அவ்வளவில் கூட்டம் கலையும். அக்கல்வெட்டில் எழுதப்பட்டிருப்பதுதான் யாது என்று கேட்பாரும் இலர். எடுத்துச் சொல்வாரும் இலர். கைதட்டியவருள் ஒருசிலர் அன்றிரவே, கட்சிக்காரன் கொணர்ந்து நீட்டும் உறையை வாங்கி மடியில் செருகிக்கொள்வர். முன்னோர் பெருமை நாவிலும் பின்னோர் சிறுமை மடியிலுமாக வாழும் நாடு உருப்படுவது எங்ஙனம்?

அக்கல்வெட்டுகள் இரண்டு. முதற் பராந்தக சோழனின் 12ஆம், 14ஆம் ஆட்சியாண்டுகளில், அஃதாவது கி.பி. 919இலும் 921இலும், உத்தரமேரூர் வைகுந்தப் பெருமாள் கோயிற் சுவரில் பொறிக்கப்பட்டவை. அவற்றை அறிந்தோர் முதலில் ஓர் உண்மையை ஒப்புக்கொள்ளுதல் வேண்டும். அது மக்கள் எல்லாரும் கூடித் தம் தலைவரைத் தேர்ந்த தேர்தல் அன்று. உத்தரமேரூர், பார்ப்பனர்க்கு விடப்பட்ட சதுர்வேதி மங்கலம். கால்வேலிக்கு மேற்பட்ட இறைநிலமும், தன் மனையில் எடுத்த வீடும், 35க்கு மேல் 70க்குள் அகவையும், மறைப் பயிற்சியும் உடையாரே குடவோலைக்குப் பெயரிடத் தக்கார். உழுதவனுக்கு அங்கு இடமில்லை, பெண்ணுக்கும் இடமில்லை. தகுதியுடையார் பெயர்களுள்ளும் ஒன்றைக் குலுக்கி எடுத்தனரேயன்றி எண்ணி எடுத்தாரல்லர். ஆகவே, இக்கால ஒப்போலைத் தேர்தலின் தாய் அதுவே என்பது மிகைக்கூற்று. உண்மையை ஒளித்துப் பெறும் பெருமை பெருமையாகாது.

ஆயினும் அக்கல்வெட்டு தமிழர்க்குக் கற்பிக்கும் பாடங்கள் இரண்டு உள. மேடைகள் மறைப்பனவும் அவ்விரண்டே.

முதற்பாடம், எல்லாரும் காணச் செய்தல். முப்பது குடும்புகளிலும் தகுதியுடையார் பெயர்கள் ஓலைகளில் எழுதப்பட்டன. ஒவ்வொரு குடும்பின் ஓலைகளும் வாயோலை பூட்டித் தனித்தனிக் கட்டாகக் குடத்தில் இடப்பட்டன. இளையோரும் முதியோருமாக அவை நிறைந்திருந்தது. கோயில் நம்பிமார் ஒருவர் தவறாமல் வந்திருத்தல் வேண்டும். அவருள் மூத்தவர் குடத்தை எல்லாரும் காண உயர்த்திப் பிடித்தார். ஒன்றுமறியாச் சிறுவன் ஒருவன் ஒரு கட்டை எடுத்தான். அக்கட்டின் ஓலைகள் வேறொரு குடத்தில் இட்டுக் குலைக்கப்பட்டன. அவற்றுள் ஓர் ஓலையை அச்சிறுவனே எடுத்து நடுவன் கையில் கொடுத்தான். நடுவன் அதனை ஐந்து விரலும் விரிந்திருக்க உள்ளங்கையில் ஏற்றான். கையினுள் மற்றோர் ஓலை மறைந்திருக்கவில்லை என்பதற்கே அவ்விரிப்பு. அவன் அதனை உரக்கப் படித்தான். பின்னர் நம்பிமார் அனைவரும் படித்தனர். அதன் பின்னரே அப்பெயர் ஏற்கப்பட்டது. இவை யாவும் நடுவன் நேர்மையற்றவன் என்பதனாலா செய்யப்பட்டன? அன்று. நேர்மையுடையவனும் தன் நேர்மையைப் பிறர் கண்முன் காட்டக் கடமைப்பட்டவன் என்பதனால் செய்யப்பட்டன.

இரண்டாம் பாடம், கணக்குக் காட்டாதவனைத் தள்ளுதல். முன்பு வாரியஞ் செய்து கணக்குக் காட்டாது ஒழிந்தவன் பெயர் மீண்டும் குடத்தில் இடப்படாது. அவன் தந்தை, மகன், மருமகன், மாமன், அத்தை மக்கள், தாயோடு உடன்பிறந்தாள் மக்கள் என அவன் சுற்றத்தார் பெயர்களும் இடப்படா. ஏற்கெனவே பணிபுரிந்தவன் மூன்றாண்டு கழிந்த பின்னரே மீண்டும் வரலாம். ஒரு குடும்பமே ஊரை வளைத்துக்கொள்ளாதபடி எழுப்பிய வேலி இது.

குடத்தில் ஓலையிடும் வழக்கம் சோழர்க்கும் மிக முந்தியது என்பதற்கு அகநானூற்றின் 77ஆம் பாட்டு சான்று. மருதன் இளநாகனார் பாடிய அப்பாட்டில், கயிற்றாற் பிணித்த குடத்தின் மேலிட்ட பொறியை ஆராய்ந்து நீக்கி, உள்ளிருக்கும் ஓலைகளை வெளியே எடுக்கும் ஆவண மாக்கள் உவமையாக வருகின்றனர். அங்குப் பொறி என்பது இலச்சினை. அது சிதையாமலிருப்பதைக் கண்ட பின்னரே குடம் திறக்கப்படும். அதனைக் காண்பதற்குக் கண் போதும், கல்வியும் வேண்டா. இக்காலத்தும் தேர்தலில் பொறி உண்டு. ஆனால் இது இயந்திரமாகிய பொறி. சங்கக்காலப் பொறி உள்ளிருப்பதற்குக் காவலாக நின்றது. இக்காலப் பொறியோ உள்ளே நடப்பதை ஒருவரும் காணவொட்டாமல் நிற்கின்றது. சொல் ஒன்றே, பொருள் தலைகீழாயிற்று.

பொறி வந்த வரலாற்றை நடுநிலையோடு நோக்குதல் வேண்டும். 1951-52ஆம் ஆண்டுகளில் நடந்த இந்தியாவின் முதற் பொதுத்தேர்தலில் வேட்பாளர் ஒவ்வொருவர்க்கும் தனித்தனிப் பெட்டி வைக்கப்பட்டது. எழுத்தறியாத மக்கள் அடையாளத்தைப் பார்த்து, குறியிடாத் தாளை அப்பெட்டியில் இட்டனர். தாளைப் பெட்டியில் இடாமல் மறைத்து வெளியே கொணர்ந்து விற்றலும் அம்முறையில் இயலும். பின்னர் ஒரே தாளில் முத்திரை குத்திப் பொதுப் பெட்டியில் இடும் முறை வந்தது. அம்முறையிலும் சாவடியைக் கைப்பற்றித் தாள்கட்டு முழுமைக்கும் குத்தித் தள்ளும் அடாவடி நாட்டின் பல பகுதிகளில் நடந்தது. அக்கொடுமைக்கெனத் தனிக் குற்றப்பிரிவே 1989இல் சட்டத்தில் சேர்க்கப்பட்டது. தாள் இருந்த காலம் பொற்காலம் என்பார் இதனை மறத்தலாகாது.

பொறி முதன்முதலாகப் பயன்பட்டது 1982 மேத் திங்களில், கேரளத்துப் பறவூர்த் தொகுதியின் 50 சாவடிகளில். அங்கு 123 ஒப்போலை வேறுபாட்டில் ஒருவர் வென்றார். சட்டத்தில் பொறிக்கு இடமில்லையென 1984இல் இந்திய உச்ச முறைமன்றம் தீர்ப்பளித்தது. அந்த 50 சாவடிகளிலும் தாளைக்கொண்டு மறுபடியும் தேர்தல் நடந்தது. முன்பு தோற்றவர் வென்றார். பின்னர்ச் சட்டம் திருத்தப்பட்டது. 2001இல் தமிழ்நாட்டுச் சட்டமன்றத் தேர்தல் முழுமையும், 2004இல் இந்திய மக்களவைத் தேர்தல் முழுமையும் பொறியாலேயே நடந்தன. சாவடியைக் கைப்பற்றினும் நொடிப்பொழுதில் நூறு ஒப்போலை இட இயலாதவாறு பொறி தடுப்பது உண்மை. செல்லாத் தாள் என்னும் தொல்லை ஒழிந்ததும் உண்மை. இந்நன்மைகளை மறுத்தல் நேர்மையன்று.

ஆயினும் வினா ஒன்று எஞ்சி நிற்கின்றது. அழுத்திய பொத்தானும் எண்ணிய எண்ணும் ஒன்றே என்பதைக் குடிமகன் எவ்வாறு அறிவான்? தோற்ற கட்சி பொறியைப் பழிக்கின்றது; அதே கட்சி வென்றவிடத்துப் பொறியை வாழ்த்துகின்றது. இவ்விரு கூச்சலும் பொருட்படுத்தத் தக்கன அல்ல. பொறியில் பொய் புகுத்தப்பட்டதாக எந்த முறைமன்றத்திலும் இன்றுவரை மெய்ப்பிக்கப்படவில்லை. ஆனால், பொய் நடந்ததை மெய்ப்பிப்பது குடிமகன் கடனா, பொய் நடக்கவில்லையென்று காட்டுவது ஆள்வோர் கடனா என்பதே இங்கு எழும் வழக்கு.

அவ்வழக்கிற்குச் செருமானிய நாட்டு அரசியற் சட்ட மன்றம் 2009 மார்ச்சு 3ஆம் நாள் தெளிவான விடை பகர்ந்தது. அந்நாட்டில் 2005ஆம் ஆண்டுத் தேர்தலில் பயன்பட்ட பொறிகளில் பிழை நேர்ந்ததாகச் சான்று எதுவும் இல்லை. அதனால் அத்தேர்தலை அம்மன்றம் தள்ளவில்லை. எனினும், தேர்தலின் இன்றியமையாப் படிகளை, தனித் தொழிற்கல்வி இல்லாத எளிய குடிமகனும் தானே சரிபார்க்க இயலவேண்டும் என்றும், அதற்கு இடந்தராத அப்பொறிகளின் பயன்பாடு அரசியற் சட்டத்திற்கு மாறானது என்றும் தீர்ப்புரைத்தது. உத்தரமேரூர் நடுவன் விரித்த ஐந்து விரலும் சொன்னது இதனையே அன்றோ?

இந்தியாவிலும் இக்குறையை நீக்கவே சான்றுச் சீட்டுப் பொறி 2013இல் நாகாலாந்தின் நொக்சென் தொகுதியில் தொடங்கிப் படிப்படியாகப் பரவியது. 2019 மக்களவைத் தேர்தலில் எல்லாச் சாவடிகளிலும் அது வைக்கப்பட்டது. ஒப்போலையிட்டவன் தன் சீட்டைக் கண்ணாடி வழியாக 7 நொடி காண்கின்றான். சீட்டு பெட்டிக்குள் விழுகின்றது. ஆனால் விழுந்த சீட்டுகள் எல்லாம் எண்ணப்படுவதில்லை. ஒரு சட்டமன்றத் தொகுதிக்கு 5 சாவடிகளின் சீட்டுகளே எண்ணிப் பொருத்தப்படுகின்றன. எல்லாச் சீட்டுகளையும் எண்ணவேண்டும் என்னும் வேண்டுகோளை 2024 ஏப்பிரல் 26ஆம் நாள் உச்ச முறைமன்றம் ஏற்கவில்லை. தோற்றவருள் முதலிருவர் பணங்கட்டிக் கேட்டால் ஒரு தொகுதியில் 5 விழுக்காட்டுப் பொறிகளை ஆய்வு செய்யலாம் என்னும் வாயிலை மட்டும் திறந்துவிட்டது. சீட்டு அச்சிடப்படுகின்றது, சேர்த்து வைக்கப்படுகின்றது, எண்ணப்படுவதில்லை. ஆக்கிய சோற்றைப் பானையோடு பூட்டி வைத்துவிட்டுப் பசியாறினாயா என்று கேட்பது போன்றது இது.

எண்ணுவதற்குக் காலம் மிகும் என்பர். தமிழ்நாட்டு ஊரகப் பகுதிகளில் 2019 திசம்பரில் உள்ளாட்சித் தேர்தல் தாளைக்கொண்டே நடந்தது. ஒருவர் கையில் நான்கு பதவிகளுக்கு நான்கு தாள்கள். 2020 சனவரி 2ஆம் நாள் தொடங்கிய எண்ணிக்கை மறுநாளும் நீண்டது. நீண்டதனால் நாடு கெட்டுவிடவில்லை. ஐந்தாண்டு ஆளப்போகின்றவனைத் தேர, இரண்டு நாள் எண்ணினால் என்ன குடி முழுகிப்போம்?

இனி, தேர்தலில் பொய் புகுவதற்குப் பொறியும் வேண்டா, தாளும் வேண்டா. பெயர்ப்பட்டியலிலேயே அது புகலாம். இறந்தவன் பெயர் இருப்பதும், இருப்பவன் பெயர் இல்லாமற் போவதும் கள்ளத்தின் இரு கதவுகள். 2025 ஆகத்து முதல் நாள் பீகாரில் வெளியான வரைவுப் பட்டியலில் ஏறத்தாழ 65 இலக்கம் பெயர்கள் விடுபட்டிருந்தன. விடுபட்டோர் பெயர்களைக் காரணத்தோடு வெளியிடுமாறு உச்ச முறைமன்றம் ஆணையிட்ட பின்னரே அவை மக்கள் பார்வைக்கு வந்தன. அவ்வாண்டு திசம்பரில் தமிழ்நாட்டின் வரைவுப் பட்டியலிலும் ஏறத்தாழ 97 இலக்கம் பெயர்கள் நீங்கின. இறப்பு, இடப்பெயர்ச்சி, இரட்டைப் பதிவு எனக் காரணங்கள் கூறப்பட்டன. அக்காரணங்களுள் மெய்யானவை பல இருக்கலாம். ஆனால் ஒவ்வோர் ஊரிலும் அப்பட்டியலை மன்றத்தில் உரக்கப் படித்து, இவன் இறந்தவனா, இவள் பெயர்ந்தவளா என்று ஊராரைக் கேட்டிருந்தால் ஐயத்திற்கே இடமில்லை. படித்துக்காட்டுதல் உத்தரமேரூரில் இருந்தது. கணிப்பொறி வந்த காலத்தில் காணாமற் போயிற்று.

முறை கெட்டால் ஓரினமே கெடும் என்பதற்கு ஈழத்தைவிட வேறு சான்று வேண்டா. 1977ஆம் ஆண்டு இலங்கைப் பொதுத்தேர்தலில் ஏறத்தாழப் பாதி ஒப்போலைகளே பெற்ற கட்சி, 168 இடங்களுள் 140ஐப் பற்றிக்கொண்டது. மிகுதி ஒன்று பெற்றவனுக்கே தொகுதி முழுமையும் என்னும் முறை செய்த வேலை அது. 1981 சூன் 4ஆம் நாள் யாழ்ப்பாணத்தில் மாவட்ட வளர்ச்சி அவைத் தேர்தல். அதற்கு முன் மே 31ஆம் நாள் இரவில் காவலர் கூட்டம் வெறியாட்டம் தொடங்கியது. ஏறத்தாழ 97,000 நூல்களோடு யாழ் நூலகம் எரிந்தது. தேர்தல் நாளில் ஒப்போலைப் பெட்டிகளும் காணாமற் போயின. மறு ஆண்டு திசம்பர் 22ஆம் நாள், பாராளுமன்றத்திற்குத் தேர்தலே நடத்தாமல் அதன் காலத்தை ஆறாண்டு நீட்டிக்கப் பொது ஒப்பெடுப்பு நடந்தது. ஆம் என்பதற்கு விளக்கு அடையாளம். அன்று என்பதற்குக் குடம். யாழ்ப்பாண மாவட்டத்துத் தமிழர் பத்தில் ஒன்பது பங்கினர் குடத்திற்கே ஒப்போலை இட்டனர். ஆயினும் அச்சுறுத்தலும் கள்ள ஒப்போலையும் மலிந்ததாகப் பலரும் குற்றஞ்சாட்டிய அவ்வொப்பெடுப்பில் விளக்கே வென்றதாக அறிவிக்கப்பட்டது. ஏழு திங்கள் கழிந்து 1983 சூலையில் நடந்ததை உலகறியும். தேர்தல் வழி அடைபட்டவிடத்து எந்த வழி திறக்கும் என்பதை அவ்வரலாறு குருதியால் எழுதி வைத்துள்ளது.

மிகுதி ஒன்றுக்கே முழுமையும் என்னும் அம்முறைதான் இங்கும் நடக்கின்றது. 2014இல் 31 விழுக்காடு பெற்ற கட்சி இந்திய மக்களவையின் 543 இடங்களுள் 282ஐப் பெற்றது. அதே தேர்தலில் தமிழ்நாட்டில் ஏறத்தாழ 44 விழுக்காடு பெற்ற கட்சிக்கு 37 இடங்கள். ஏறத்தாழ 24 விழுக்காடு பெற்ற கட்சிக்கு ஓரிடமும் இல்லை. நான்கில் ஒருவர் சொன்ன சொல் காற்றோடு போயிற்று. இது கள்ளத்தேர்தல் அன்று, சட்டப்படி நடந்ததே. பெற்ற ஒப்போலைக்கு ஏற்ப இடம் பகிரும் முறையைப் பேசாத கட்சி, கள்ளத்தைப் பற்றி மட்டும் பேசுவது ஓட்டைப் பானையை விட்டுவிட்டு மூடியைக் குறைகூறுவது ஆகும்.

பிறரைச் சொன்னது போதும். தமிழர் தம் கையையும் பார்த்தல் வேண்டும். 2009 சனவரியில் திருமங்கலத்தில் இடைத்தேர்தல் நடந்தது. அதன் பின் வீட்டுக்கு வீடு பணம் பகிர்தற்கு அவ்வூர்ப் பெயரே அடைமொழியாயிற்று. 2016 மேத் திங்களில் அரவக்குறிச்சியிலும் தஞ்சையிலும், 2017 ஏப்பிரலில் சென்னை இராதாகிருட்டிணன் நகரிலும், 2019 ஏப்பிரலில் வேலூர் மக்களவைத் தொகுதியிலும் பணப்பகிர்வைக் காரணங்காட்டித் தேர்தல்கள் நிறுத்தப்பட்டன. எந்தப் பொறியைக் குலைத்து இதனைச் செய்தனர்? பொறியைத் தொடவேயில்லை, அழுத்தும் விரலையே விலைக்கு வாங்கினர். கட்சியடையாளம் இல்லாத சிற்றூர்த் தலைவர் பதவியும் சிலவூர்களில் ஏலம் போனதாக 2019இல் செய்திகள் வந்தன. அவர்கள் பணத்தைத்தானே வாங்கினோம், ஒப்போலையை விரும்பியவர்க்கே இட்டோம் என்பாரும் உளர். கொடுத்தவன் நட்டமடைவதற்காகக் கொடுப்பானா? ஓரிரவில் விதைத்ததை ஐந்தாண்டு அறுப்பான். மணலிலும் மலையிலும் ஏரியிலும் அவன் அறுக்கும் விளைச்சல் யாருடையது?

கட்சிகளின் பொருள் எங்கிருந்து வருகின்றது என்பதும் மறைபொருளே. 2018இல் தொடங்கிய தேர்தற் பத்திரங்கள் வழியாக 16,000 கோடி உருபாவுக்கு மேல், கொடுத்தவர் பெயர் மக்களுக்குத் தெரியாமலே கட்சிகளுக்குச் சென்றது. 2024 பிப்பிரவரி 15ஆம் நாள் உச்ச முறைமன்றம் அதனைத் தள்ளுபடி செய்தது. கணக்குக் காட்டாதவனோடு அவன் மருமகனையும் தள்ளிய நாட்டில், கொடையாளி பெயரைக் காட்டாக் கட்சிகள் ஆறாண்டு அமைதியாகப் பொருள் ஈட்டின. கட்சிகளின்பால் மக்கள் கொண்டுள்ள ஐயம் இதனால் வளர்ந்ததே ஒழிய, வெறும் புரளியால் வளர்ந்ததன்று.

இந்நிலை கண்டு கொதித்த இளைஞர் சிலர், இத்தேர்தலே வேண்டா, எவன் ஆண்டால் என்ன என்று ஒதுங்குகின்றனர். தமிழ்நலம் கருதும் இயக்கத்தாரிடையேயும் இக்கருத்து உண்டு. கட்சிகளின்மேல் வெறுப்பு வேறு. முறையின்மேல் அக்கறை வேறு. ஒதுங்குகின்றவனின் வெற்றிடத்தைக் கள்ளனே நிரப்புவான். வராதவன் பெயரில் பிறன் வந்து ஒப்போலை இடுவது எளிது. எவரும் வேண்டா என்று கருதுவார்க்கு அதனைப் பதிவு செய்யும் வழி 2013 முதல் பொறியிலேயே உண்டு. அதனால் முடிவு மாறாது எனினும், பிறன் தன் பெயரைத் திருடுவதையேனும் அது தடுக்கும். ஆராயாமல் நம்புதல் எவ்வளவு பிழையோ, எதனையும் நம்பாமல் ஒடுங்குதலும் அவ்வளவு பிழை. ஆராய்ந்து தெளிதற்கென்றே வள்ளுவர் ஓர் அதிகாரம் வகுத்தார்.

ஆகவே தமிழர் வேண்டவேண்டியன இவை: சான்றுச் சீட்டுகள் அனைத்தும் ஊரறிய எண்ணப்படுதல் வேண்டும். பெயர்ப்பட்டியல் ஊர்மன்றத்தில் படிக்கப்படுதல் வேண்டும். கட்சிகள் பெறும் ஒவ்வோர் உருபாவுக்கும் கொடுத்தவன் பெயர் வெளிப்படுதல் வேண்டும். பதவியில் இருந்து கணக்குக் காட்டாதவன் மீண்டும் நிற்கத் தடை வேண்டும். பெற்ற ஒப்போலைக்கேற்ற இடப்பகிர்வு வேண்டும். இவற்றை அரசிடம் வேண்டுவதற்கு முன், உறை நீட்டுகின்றவன் முகத்தெதிரே கதவைச் சாத்தும் துணிவு ஒவ்வொரு வீட்டிலும் வேண்டும். அதற்குச் சட்டமும் வேண்டா, முறைமன்றமும் வேண்டா.

ஆயிரத்து நூறாண்டுகட்கு முன் ஒரு நடுவன் தன் கையில் ஒளித்தது ஒன்றுமில்லை என்று ஐந்து விரலையும் விரித்துக் காட்டினான். ஆள்வோர் அவ்வாறு காட்டும்வரை தமிழர் கேட்டுக்கொண்டேயிருத்தல் வேண்டும். கேட்கின்ற தமிழன் தன் கையையும் விரித்துக் காட்டுதல் வேண்டும். அதிலும் ஒன்றும் இருத்தலாகாது.